நிதானமும் அவசரமும் ஓட்டிப் பார்த்த வண்டி

இந்த உலகத்தை ஏழு முறை சுற்றி வந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நிதானத்தைத்தான் காட்ட வேண்டும். அதுவும் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றியவர். சரி, ஏழு என்பது கொஞ்சம் வாய்க்கொழுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டால் இரண்டு தேறும், மனசு வைத்தால் மூன்று. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முப்பத்தொரு வருடம் அவர் ஓட்டியது ரோடு ரோலர். முன்னால் போன தூரம் அத்தனையும் பின்னால் வந்தாக வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மனிதர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நிதானம் என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, சாலைத் துறை வைத்தது. மழை வரப்போகிறது, சீக்கிரம் ஓட்டு என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டு கத்துவார். இவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "அதுவும் நம்மள மாதிரி மெதுவாத்தான் வருது" என்பார். உருளையின் ஓரம் தார்மீது எங்கே படிகிறது என்று இருக்கையிலிருந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஓய்வு பெற்றபோது அவருடைய கழுத்து வலப்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. யாராவது பேசினால் அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் அவருக்கு நல்ல பெயர்.

அவருடைய மனைவியைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். பெண்கள் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவர். கண்ணாடிக் குழாயும் குடுவையும் கழுவிக் கழுவிக் கை மெத்தென்று இருக்கும், பேச்சு மட்டும் சுருக்கென்று இருக்கும். வீட்டில் பால் பொங்கினால்கூட எத்தனை நிமிடத்தில் பொங்கியது என்று சொல்லிவிடுவார்.

அக்காவுக்கு ஒரு தம்பி. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு நிதானம்தான் துறையில் சொல்லி ரோலர் வேலை வாங்கிக்கொடுத்தார். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்ட நாள் அது என்று பிற்பாடு சொல்வார். நான்கு கிலோமீட்டரில் போகவேண்டிய ரோலரைத் தம்பி ஆறில் ஓட்டினார். அந்தத் தொழிலில் ஆறு என்பது விமானம். ஒரே வாரத்தில் அவருக்கு அவசரம் என்று பெயர் விழுந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, ஊருக்கு வெளியே ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிவட்டச் சாலை போட்டார்கள். பெட்ரோல் பங்க் பக்கத்திலிருந்து அவசரம் அழுத்திக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் பக்கத்திலிருந்து நிதானம் அழுத்திக்கொண்டு வந்தார். நடுவில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் இருவரும் சந்தித்தார்கள். சாலை அன்றோடு முடிந்துவிட்டது, சண்டை அன்றுதான் தொடங்கியது. யாருடைய பாதி நல்ல பாதி?

"உங்க பாதியில போனா குழந்தை முழிச்சுக்கும் மாமா. என் பாதியில போனா தூங்கும்" என்பார் அவசரம்.

"குழந்தை தூங்கல மாப்ள. மயங்கிடுச்சு" என்பார் நிதானம்.

பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார்கள். பஸ்ஸே ஆடுகிறது என்று இவர் சொன்னார். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார்கள். ஸ்கூட்டருக்கு வயசாகிவிட்டது என்று அவர் சொன்னார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஒன்பது கிலோமீட்டரும் கூடத்தில் விரிக்கப்பட்டுவிடும். அக்காவுக்குக் காது புளித்துப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தட்டை ஓங்கி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரே ஒரு தடவ சோதனை. நான் நடுவர். தோத்தவர் அதுக்கப்புறம் அந்த ரோட்டைப் பத்தி எந்த வீட்டுலயும், எந்த ஜென்மத்துலயும் வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

அவசரம் உடனே சம்மதித்தார். அவரிடம் சொல்வதற்கு வேறு கதைகள் நிறைய இருந்தன. பாம்பைப் பிடித்த கதை, லாட்டரி ஒரே எண்ணில் தவறிய கதை, மேலதிகாரியை ரோலரில் ஏற்றிக்கொண்டு போன கதை. நிதானத்துக்கு அது ஒன்றுதான் கதை. பல் வைத்தியர் செய்த வேலை ஊரெல்லாம் சிரித்துக் காட்டும், தையல்காரர் செய்த வேலை ஊரெல்லாம் நடந்து காட்டும். ரோலர்காரர் செய்த வேலையை எல்லாரும் மிதித்துக்கொண்டு போவார்களே தவிர, குனிந்து பார்ப்பவர் யாருமில்லை. "இந்தப் பாதி நான் போட்டது" என்ற ஒரு வாக்கியத்தைத்தான் அவர் முப்பத்தொரு வருடத்துக்குச் சம்பாதித்து வைத்திருந்தார். அதையும் வாயில் பூட்டுப் போட்டு வைத்துக்கொண்டு மீதி நாளை எப்படித் தள்ளுவது? சம்மதம் என்று அவரும் சொல்லிவிட்டார், வேறு வழியில்லை. ஆனால் மூன்று நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

சோதனைக்கு வண்டி வேண்டும். அதுவாக ஆடாத வண்டி. அப்போதுதான் ஆட்டம் வந்தால் அது ரோட்டின் ஆட்டம் என்று அடித்துச் சொல்லலாம். எதிர்வீட்டு மெக்கானிக் வழி காட்டினார். பெரிய சொகுசுக் கார்கள் இருக்கின்றன, உள்ளே தண்ணீர் வைத்தால் தளும்பாது. அதை யார் கொடுப்பார்கள்? வாங்குகிறேன் என்று சொன்னால், ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். பழைய கார் விற்கும் கடை ஒன்று வெளிவட்டச் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நிதானம் முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். அவசரம் நடைபாதையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் ஓரத்தில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்ததை அக்கா கடை வாசலில் பார்த்துக் கிழித்தார்.

"பணக்காரங்க அதிகம் பேசமாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வாங்க, அது போதும்" என்றார்.

கடையில் கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கும் தொழில் என்பது முகத்திலேயே தெரிந்தது. பெயர் சொன்னார், மூன்று பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாமும் டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

வரிசையின் கடைசியில் கருநீலத்தில் அது நின்றது. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். முன்விளக்கைப் பார்த்துவிட்டுப் பின்விளக்கைப் பார்க்கப் போவதற்குள் முன்விளக்கு மறந்துவிடும். கதவைத் தொட்டால் தானாகவே மெல்ல மூடிக்கொண்டது, யாரோ உள்ளே கொட்டாவி விட்டதுபோல. இருக்கை தோல், கைப்பிடியெல்லாம் மரம்.

"பதினோரு வருஷ வண்டி சார், ஆனா ஒரே ஓனர். ஒரு வக்கீல். வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் தவிர எங்கயும் போனதில்ல" என்றார் டைக்காரர்.

"கேஸ் ஜெயிச்சாரா?" என்று கேட்டார் அவசரம். அக்கா அவர் காலை மிதித்தார்.

நிதானம் முன்சக்கரத்தின் எதிரே குந்தி உட்கார்ந்து அதைத் தட்டிப் பார்த்தார். "எத்தனை டன்?"

"ரெண்டு டன் இருக்கும் சார்."

"அவ்வளவுதானா?"

"மாமாவோட பழைய வண்டி பத்து டன்" என்றார் அவசரம், மிதி வாங்காத காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு.

டைக்காரருடைய முகம் மரியாதையில் விரிந்தது. "அது என்ன மாடல் சார்?"

நிதானம் யோசித்தார். "மஞ்சள்" என்றார்.

பிறகு எழுந்து, தொழில்முறையாக அடுத்த கேள்வியையும் கேட்டார். "சக்கரத்துக்குத் தண்ணி எங்க ஊத்தணும்?" ரோலரின் உருளையில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கென்று ஒரு தொட்டி உண்டு. முப்பத்தொரு வருடம் காலையில் எழுந்ததும் நிரப்பிய தொட்டி.

"சக்கரத்துக்கா சார்?"

"கண்ணாடி துடைக்கிற தண்ணியைக் கேட்கிறார். அவருக்கு எல்லாமே சக்கரம்தான்" என்றார் அக்கா.

கடைக்காரர்கள் வழக்கமாக ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது கடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். அக்கா தலையை ஆட்டினார். "எங்க வீடு ரயில்வே கேட் பக்கம். இவ்வளவு நீள வண்டி எங்க வாசல்ல திரும்புமான்னு பார்க்காம எப்படி வாங்கறது? வெளிவட்ட ரோட்டுல போயிட்டு வந்துடலாம்." வாசல்வரை யோசித்துவிட்டார்கள் என்றால் வாங்கிய மாதிரிதான் என்று டைக்காரர் மனசுக்குள் குளிர்ந்துபோனார். நிதானத்தின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். அதில் எல்லாவகை வண்டிகளும் இருந்தன. அலுவலக ஜீப்பையும் அவர் ஓட்டியதுண்டு, அதையும் நான்கில்தான் ஓட்டினார் என்பது உரிமத்தில் எழுதப்படாத விஷயம்.

முன்னால் நிதானமும் டைக்காரரும். பின்னால் அக்காவும் தம்பியும், நடுவில் கை வைத்துக்கொள்ள இறக்கிவிட்ட மரத்தாங்கி. அக்கா பையிலிருந்து பீக்கரை எடுத்தார். ஆய்வகத்தில் திரவம் அளக்கும் கண்ணாடிக் குவளை, பக்கத்தில் அளவுக்கோடு போட்டது. வாயில் மயிரிழை விரிசல் விழுந்ததால் பள்ளி கழித்துவிட்டதாம். அதை மரத்தாங்கிமேல் வைத்து, பாட்டிலைத் திறந்து இருநூறு மில்லி கோடுவரை தண்ணீர் ஊற்றினார். அதற்கு மேலே விளிம்புவரை ஒரு நூல் இடம்கூட இல்லை.

டைக்காரர் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "மேடம், அது என்ன? சீட்டு லெதர்."

"மாத்திரை போடணும்."

"அதுல கோடெல்லாம் போட்டிருக்கே."

"டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கார்."

வண்டி நகர்ந்தது. நகர்ந்ததே தெரியாமல் நகர்ந்தது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறியதும், மைத்துனனுடைய பாதி இது என்ற நினைப்பில் நிதானத்துக்குக் கைவிரல்கள் பரபரத்தன. கண்ணாடியை இறக்கினார். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டார்.

"சார், தலையை உள்ள எடுங்க."

"சக்கரம் எங்க படியுதுன்னு பார்க்க வேண்டாமா?"

"அது நேராத்தான் போகும் சார்."

"அப்படி நம்பித்தான் ஒருத்தன் ரோலரை வாய்க்காலுக்குள்ள விட்டான்" என்றார் நிதானம், வெளியே இருந்தபடியே.

"அது ஒரே ஒரு தடவ" என்றது பின்னிருக்கை.

வேகமுள் பதினைந்தில் நின்றது. பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பிவிட்டு விலகிப் போயின. நடுச்சாலையை விட்டுவிட்டு, எங்கே ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறது, எங்கே தார் பெயர்ந்திருக்கிறது என்று தேடித் தேடி அதன்மேல் சக்கரத்தை ஏற்றினார் நிதானம். ஐந்து இடத்தில் ஏற்றினார். ஆறாவது இடத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, பின்னோக்கி எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் ஏற்றினார்.

"ஏன் சார் ரிவர்ஸ்?"

"சரியா அழுந்தல."

"எது சார் அழுந்தல?"

"சீட்டு" என்றார் அக்கா பின்னாலிருந்து.

"மாமா, நடு ரோட்டுல போங்க. ஓரத்துல எவன் ரோடும் அப்படித்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்தார் அவசரம்.

"நான் என் வழியிலதான் போறேன் மாப்ள. வழி அப்படி இருந்தா நான் என்ன பண்றது?"

எடைமேடை தெரிந்தது. அக்கா குனிந்து கோட்டைப் பார்த்தார். ஒரு சொட்டு குறையவில்லை. "இருநூறு" என்று அறிவித்தார்.

"என்ன மேடம் இருநூறு?"

"ரத்த அழுத்தம்."

டைக்காரர் இருக்கையிலேயே எழுந்துவிட்டார். "இருநூறா? மேடம், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"இந்த ரெண்டு பேரோட இருந்தா அவ்வளவுதான் இருக்கும். நீங்க உட்காருங்க."

எடைமேடை வளாகத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் நுழைந்து, அடுத்ததில் சாலைக்கு வரலாம். அதற்குள் போய் ஓட்டுநர் மாறிக்கொள்ளலாம் என்று நிதானம் சொன்னார். அதுதான் சரி என்று அவசரம் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் இருவரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. அக்கா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

இப்போது அவசரம் ஓட்டினார். நாற்பதைத் தொட்டதும் தலைமயிர் பறப்பதுபோலக் கையால் தடவிக்கொண்டார், கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. பின்னிருக்கையில் நிதானத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இது அவருடைய பாதி. இந்தத் திருப்பத்தில் சாலை உட்பக்கம் சரியும்படி வாட்டம் கொடுக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டார். அதோ அந்தச் சிறு பாலம் சாலையோடு சேரும் தலைப்பில் பள்ளம் தெரியக் கூடாது என்று முப்பது தடவை போய் வந்திருக்கிறார். பழிக்குப் பழியாக அவசரம் ஓரத்தில் இறக்கினார், ஒட்டில் ஏற்றினார், பாலத்தின் தலைப்பில் வேகத்தைக் கூட்டினார். நிதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பீக்கரைப் பார்த்தார். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அப்பாடா என்று மூச்சை விட்டார்.

அடுத்த மூச்சை இழுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பாலம் தெரியவில்லை. திருப்பத்தின் வாட்டம் தெரியவில்லை. முப்பது தடவை போய் வந்ததும் தெரியவில்லை. அவசரம் அரைகுறையாக அழுத்திய பாதியில் எப்படி இருந்ததோ, இவர் பார்த்துப் பார்த்து அழுத்திய பாதியிலும் அப்படியே இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. "இருநூறு" என்றார் அக்கா. சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டைக்காரர் இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினார். "பார்த்தீங்களா சார், இதுதான் இந்த வண்டியோட சிறப்பு. அடியில காத்துப் பை இருக்கு. ரோடு எவ்வளவு மட்டமா இருந்தாலும் உள்ள தெரியாது."

"நல்லா இருந்தா?" என்று கேட்டார் நிதானம்.

"சார்?"

"ரோடு நல்லா இருந்தா தெரியுமா?"

டைக்காரர் இப்படி ஒரு கேள்வியை அந்தத் தொழிலில் கேட்டதில்லை. "அதுவும் தெரியாது சார்" என்றார், மெதுவாக.

நிதானம் கையை மடக்கி உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருட வேலையை இந்த வண்டி ஒரு கொட்டாவியில் விழுங்கிவிட்டது. தோற்றிருந்தாலாவது ஒரு கோபம் இருக்கும். சமமாம். அவனும் நானும் சமமாம். இதை வெளியில் சொல்வதைவிட வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம்.

"வாசலைப் பார்க்கப் போகலாமா மேடம்?"

"வேண்டாம். திரும்பிடலாம். நீங்களே ஓட்டுங்க" என்றார் அக்கா. வீடு அந்தப் பக்கமே இல்லை என்பது இருக்கட்டும், இரண்டு ஆண்பிள்ளைகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நிதானம் முன்னால் மாறி உட்கார்ந்தார், அவசரம் பின்னால். பீக்கரை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வாடிக்கை கைநழுவுகிறது என்று டைக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கடைசி ஆயுதத்தை எடுத்தார். வேகத்தை எழுபதுக்கு ஏற்றினார். "சார், என் வீடு இங்கதான். தினமும் இந்த வழிதான் வர்றேன். அதோ எடைமேடை தெரியுது பாருங்க, அது வாசல்ல ஒரு மேடு இருக்கு. எல்லாரும் அங்க பிரேக் போடுவாங்க. நான் இப்போ போடப் போறதில்ல, பாருங்க."

"வேண்டாம்" என்றார் நிதானம்.

"பிரேக் போடுங்க" என்றார் அவசரம், அதே நொடியில்.

இருபத்திரண்டு வருடமாக இருவரும் பேச்சில் தொடாமல் சுற்றிப் போன இடம் அது. சற்று முன்புகூட வளாகத்துக்குள் புகுந்து அதைச் சுற்றித்தான் போனார்கள். டைக்காரர் சிரித்துக்கொண்டே நேராக ஏற்றினார்.

டொக்கென்று ஒரு சத்தம். நான்கு தலையும் கூரையை விசாரித்துவிட்டு வந்தன. பீக்கர் எழும்பி, காற்றில் ஒரு நொடி யோசித்து, அவசரத்தின் மடியில் கவிழ்ந்தது. காற்றுப் பையாவது மண்ணாவது. வண்டி கொஞ்ச தூரம் போய் ஓரமாக நின்றது.

அக்கா பீக்கரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பதினஞ்சு" என்றார்.

நிதானத்தின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. தெரிந்துவிட்டது. இந்த வண்டிக்கும் ரோடு தெரியும். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வந்த வழியே நடந்தார். நடந்தார் என்பது தவறு, ஓடினார். அவர் ஓடி அக்கா பார்த்ததில்லை. ஈரக் காற்சட்டையோடு அவசரம் பின்னால் ஓடினார். மேட்டின் இரண்டு பக்கத்திலும் இருவரும் மண்டி போட்டார்கள். லாரிகள் வளைந்து போயின.

"இது உன் பக்கம். வாசல் கம்பத்திலேர்ந்து சாண் போட்டுப் பாரு."

"எந்தச் சாண்? உங்க சாணா, என் சாணா? கம்பத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் நீங்க அழுத்தினது."

"நான் அழுத்தினா இப்படி முதுகு வளைஞ்சு நிக்குமா?"

டைக்காரர் வந்து சேர்ந்தார். குனிந்து நிற்கும் இருவரையும், சாலையையும், கையில் பீக்கரோடு வரும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து முதல்முறையாக இறங்கியது.

"நீங்க கார் வாங்க வரல" என்றார்.

"வரல" என்றார் அக்கா. "இவங்க ரெண்டு பேரும் ரோலர் ஓட்டினவங்க. இந்த ரோட்டை ஆளுக்குப் பாதி போட்டாங்க. எது நல்ல பாதின்னு பார்க்க வந்தோம். தப்புதான். சீட்டை நான் துடைச்சுக் கொடுத்துடறேன்."

டைக்காரர் காரைப் பற்றிப் பேசவில்லை. மேட்டருகே தானும் குந்தினார். விரலால் அதைத் தடவினார். "பதினஞ்சு வருஷம்" என்றார். "தினம் ரெண்டு தடவ என் ஸ்கூட்டர் இதுல ஏறி இறங்குது. பின்னால என் பொண்டாட்டி. ஒவ்வொரு தடவையும் திட்டு எனக்கு. இதைப் போட்ட மகராசன் யாரு, ஒருநாள் கண்ணுல பட மாட்டானான்னு தேடிக்கிட்டிருக்கேன். சொல்லுங்க. யாரு?"

நிதானம் அவசரத்தைக் காட்டினார். அவசரம் நிதானத்தைக் காட்டினார்.

"நடுவர் சொல்றேன்" என்றார் அக்கா. "தண்ணி சிந்தினது இந்த ஒரு இடத்துலதான். இது ரெண்டு பேருக்கும் பொது. ரெண்டு பேரும் தோத்தாச்சு. இனிமே ரோட்டைப் பத்தி ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது."

அவசரம் தோளைக் குலுக்கிவிட்டுக் காற்சட்டையைப் பிழியத் தொடங்கினார். அவருக்குப் பாம்பு இருந்தது, லாட்டரி இருந்தது. நிதானம் எழுந்து நின்றார். ரயில்வே கேட் பக்கம் நீண்டு கிடந்த தன் நாலரை கிலோமீட்டரைப் பார்த்தார். சாய்ந்த கழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாம் தடவை திறந்தபோது மூடவில்லை.

"ரோட்டைப் பத்தித்தானே பேசக் கூடாது?" என்றார். "மேட்டைப் பத்திப் பேசலாம் இல்ல?"

அக்கா மறுக்க விரலை உயர்த்தினார். அதற்குள் நிதானம் டைக்காரர் தோளில் கை போட்டுவிட்டார்.

"கேட்டீங்களே, யாருன்னு. கேளுங்க தம்பி. அன்னைக்கு வெயில்னா வெயில், செருப்பு தார்ல ஒட்டிக்கிட்டு வராது, கால் மட்டும் வரும். நான் அந்தப் பக்கத்திலேர்ந்து, இவன் இந்தப் பக்கத்திலேர்ந்து. ரெண்டு ரோலரும் மூக்கோட மூக்கு முட்டுற மாதிரி வந்து நின்னுடுச்சு. நடுவுல இருபதடி, கொட்டிப் பரப்பின தாரு, ஆவி பறக்குது. சூட்டோட அழுத்திடணும், ஆறிப்போனா அவ்வளவுதான், அப்புறம் யானையே ஏறினாலும் அழுந்தாது. சரியா அந்த நேரம் பார்த்து என் சம்சாரம், இதோ இவங்க, எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்துட்டாங்க. என்ன பண்றது, பசி. நிழல்ல உட்கார்ந்தோம். சாப்பிட்டு எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிடுச்சு. வந்து பார்த்தா தாரு கல்லு. அவன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. பசிதான் தம்பி இந்த மேட்டைப் போட்டது."

டைக்காரர் கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவசரம்கூடப் பிழிவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். அக்கா பீக்கரில் மிச்சமிருந்த தண்ணீரை மேட்டின்மேல் ஊற்றினார். அது இரண்டு பக்கமும் சமமாக வழிந்து ஓடியது.

"அரை மணி நேரம் இல்ல, ஒரு மணி பத்து நிமிஷம்" என்றார் அக்கா. "அதுல சாப்பிட்டது பத்து நிமிஷம். மிச்சம் ஒரு மணி நேரமும் இந்தக் கடைசி இருபதடி எனக்கு, எனக்குன்னு ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டு நின்னீங்க."